சிஏ இன்டர்: இரண்டு குரூப்பும் சேர்த்தா, ஒவ்வொன்றாகவா?

சிஏ (பட்டயக் கணக்காளர்) படிப்பின் இரண்டாம் நிலையான இன்டர்மீடியட் தேர்வுப் படிவத்தில் ஓரிடத்தில் மூன்று தெரிவுகள் வரும்: குரூப் 1, குரூப் 2, இரண்டும். ஒரு குரூப் என்றால் கட்டணம் ₹1,500. இரண்டும் என்றால் ₹2,700. பணக் கணக்கில் ₹1,200தான் வித்தியாசம். ஆனால் எந்த விதிப்படி பாஸ் போடுவார்கள், ஆர்ட்டிகிள்ஷிப் (ஆடிட்டரிடம் பெறும் கட்டாயப் பயிற்சி) எந்த மாதம் தொடங்கும், ஒரு பேப்பர் சறுக்கினால் எது மிஞ்சும் என்பதெல்லாம் அந்த ஒரு டிக்கில் அடங்கியிருக்கிறது.

முதலில் ஒரு பழைய அறிவுரையைத் தள்ளி வைத்துவிடலாம். "ஒரு குரூப்பை முடி, ஆர்ட்டிகிள்ஷிப் சேர்ந்துவிடு, இன்னொன்றை வேலை பார்த்துக்கொண்டே எழுது" என்று சீனியர்கள் இன்னமும் சொல்கிறார்கள். அவர்கள் காலத்தில் அது சரியான யோசனைதான். 2023 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டத்தில் அந்த வழி அடைபட்டுவிட்டது. இப்போது இரண்டு குரூப்பும் பாஸ் செய்து, ஐசிஐடிஎஸ்எஸ் என்ற கணினி, மென்திறன் பயிற்சியையும் முடித்த பிறகுதான் ஆர்ட்டிகிள்ஷிப் பதிவு. மூன்று வருடப் பயிற்சி இரண்டாகக் குறைந்தது லாபம். ஒரு குரூப்போடு உள்ளே நுழையும் சலுகை போனது நஷ்டம். ஆகவே குரூப்பைப் பிரித்து எழுதுவதால் இன்று கிடைப்பது படிக்க அவகாசம் மட்டுமே. அந்த அவகாசம் உங்களுக்குத் தேவையா என்பதுதான் கேள்வி.

பாஸ் மார்க் கணக்கு

ஆறு பேப்பர், ஒவ்வொன்றும் 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். குரூப் 1இல் அட்வான்ஸ்டு அக்கவுண்டிங், கம்பெனிச் சட்டமும் பிற சட்டங்களும், வரி. குரூப் 2இல் காஸ்டிங், ஆடிட்டிங், நிதி மேலாண்மையும் ஸ்ட்ராட்டஜிக் மேனேஜ்மெண்டும் சேர்ந்த பேப்பர். ஒவ்வொரு பேப்பரிலும் குறைந்தது 40, குரூப் மொத்தத்தில் 50 சதவீதம், அதாவது 300க்கு 150. இது எல்லோருக்கும் தெரிந்த விதி.

பலர் கவனிக்காமல் விடுவது இதன் அடுத்த பாதியை. இரண்டு குரூப்பும் ஒரே அட்டெம்ப்டில் எழுதி, ஆறிலும் 40 தாண்டியிருந்தால், மொத்தம் 600க்கு 300 இருந்தாலே இரண்டும் பாஸ். ஒரு குரூப்பின் பற்றாக்குறையை இன்னொரு குரூப்பின் உபரி நிரப்பிவிடும்.

எண்ணில் பார்ப்போம். அக்கவுண்ட்ஸ் 48, சட்டம் 43, வரி 45: கூட்டினால் 136. குரூப் 1ஐ மட்டும் எழுதியிருந்தால் ஃபெயில். அதே ஆள் அதே அட்டெம்ப்டில் காஸ்டிங் 62, ஆடிட் 47, நிதி மேலாண்மை 58 என்று 167 வாங்கினால் மொத்தம் 303. இரண்டு குரூப்பும் பாஸ். பிரித்து எழுதியவருக்கு இந்தத் தாங்கல் கிடையாது. ஒரு குரூப்பை முன்னாலேயே பாஸ் செய்துவிட்டால், அதில் 190 வாங்கியிருந்தாலும் மிச்சமுள்ள குரூப் தன் காலில்தான் 150 தொட வேண்டும்.

இதே விதி காலை வாரிவிடும் இடமும் உண்டு. குரூப் 1இல் 55, 38, 60 என்று 153. குரூப் 2இல் 41, 46, 61 என்று 148. மொத்தம் 301 வந்தும் ஒன்றும் பாஸ் இல்லை. சட்டத்தில் 38 வந்ததால் குரூப் 1 போயிற்று. சேர்த்துக் கணக்கிடும் வாய்ப்பும் அதோடு போயிற்று. குரூப் 2 தனியாக நின்று 2 மதிப்பெண்ணில் விழுந்தது. இரண்டும் எழுதுபவருக்கு உண்மையான எதிரி 50 சதவீதம் அல்ல, ஏதாவது ஒரு பேப்பரில் வரும் 38தான். "சட்டத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு பேப்பரை ஒதுக்கி வைக்கும் ஆள் இரண்டு குரூப் எழுதக் கூடாது. எல்லாவற்றிலும் சுமாராக இருப்பவர் எழுதலாம். கேட்க வினோதமாக இருக்கும், ஆனால் விதி அப்படித்தான் வேலை செய்கிறது.

எக்ஸெம்ப்ஷன் எவ்வளவு கை கொடுக்கும்

மேலே சொன்ன 301 மதிப்பெண்காரருக்கு ஓர் ஆறுதல் இருக்கிறது. வரியில் 60, நிதி மேலாண்மையில் 61. ஃபெயிலான குரூப்பில் எந்தப் பேப்பரில் 60 அல்லது மேல் எடுத்தாலும், அடுத்த மூன்று அட்டெம்ப்டுக்கு அதைத் திரும்ப எழுத வேண்டாம். இந்த விலக்குதான் எக்ஸெம்ப்ஷன். அடுத்த முறை அவருக்கு நான்கு பேப்பர்தான்.

எக்ஸெம்ப்ஷன் மதிப்பெண் குரூப் மொத்தத்தில் அப்படியே சேரும். வரியில் 60 வைத்திருப்பவர் மிச்ச இரண்டு பேப்பரில் 90 எடுக்க வேண்டும், சராசரி 45. அதே வரியில் 72 என்றால் தேவை 78தான். பேப்பருக்கு 40 எடுத்தாலே 80 வந்துவிடும். ஆகவே 60ஐத் தாண்டி வாங்கும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் அடுத்த அட்டெம்ப்டுக்கான சேமிப்பு.

இதில் மூன்று சிக்கல்கள். ஒன்று, அந்தக் குரூப்பின் எல்லாப் பேப்பரையும் எழுதியிருந்தால்தான் எக்ஸெம்ப்ஷன். முதல் இரண்டு பேப்பர் சரியாகப் போகவில்லை என்று மூன்றாவதற்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்தால், முன்னே எழுதியதில் 65 வந்திருந்தாலும் அது வீண். மனம் உடைந்தாலும் போய் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதிவிட்டு வர வேண்டும். இரண்டு, முன்பு வருடத்துக்கு இரண்டு தேர்வு இருந்தபோது மூன்று அட்டெம்ப்ட் என்பது ஒன்றரை வருடம். இப்போது ஜனவரி, மே, செப்டம்பர் என்று மூன்று தேர்வு. எக்ஸெம்ப்ஷனின் ஆயுள் ஒரே வருடமாகச் சுருங்கிவிட்டது. மூன்று, ஆயுள் முடிந்த பிறகும் அதை நிரந்தரமாக வைத்துக்கொள்ளப் புதிய திட்டம் இடம் தருகிறது. விலை: அந்தக் குரூப்பின் மிச்சப் பேப்பர் ஒவ்வொன்றிலும் 40 போதாது, 50 வேண்டும். காஸ்டிங் போன்ற பேப்பர் மிச்சமிருந்தால் இதை யோசித்து எடுக்க வேண்டும்.

நாலு மாதம்தான் வித்தியாசமா?

ஜனவரியில் இரண்டையும் எழுதிப் பாஸ் செய்தவருக்கு மார்ச் முதல் வாரத்தில் ரிசல்ட். ஐசிஐடிஎஸ்எஸ்ஸை முன்னமே முடித்திருந்தால் ஏப்ரலில் ஆர்ட்டிகிள்ஷிப். ஜனவரியில் குரூப் 1, மே மாதம் குரூப் 2 என்று பிரித்தவருக்கு ஜூலையில் ரிசல்ட். எல்லாம் நல்லபடியாக நடந்தால் இடைவெளி நான்கு மாதம். பிரித்து எழுதுவதற்கான விலை முன்பைவிடக் குறைந்திருக்கிறது என்பது உண்மை.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். ஜனவரியில் இரண்டையும் எழுதி ஒன்று மட்டும் பாஸானவரும் மே மாதம் மற்றதை எழுதி அதே ஜூலையில்தான் வந்து நிற்பார். அதாவது, இரண்டும் எழுதி ஒன்றில் தோற்பதும், திட்டமிட்டுப் பிரித்து இரண்டிலும் ஜெயிப்பதும் ஒரே தேதி. பிரித்தவர் ஜனவரியில் குரூப் 1இல் தோற்றால் கதை செப்டம்பருக்குப் போகலாம். எனவே நேரம் கையில் இருப்பவருக்கு இரண்டும் எழுதுவதே கணக்குக்கு ஒத்துவரும். நேரம் இல்லாதவர் இரண்டும் எழுதினால் ஆறு பேப்பரும் 35க்கும் 45க்கும் நடுவே ஊசலாடும். அப்போது மேலே சொன்ன எந்தச் சலுகையும் அவரை எட்டாது.

நேரம் இருக்கிறதா என்பதை எப்படி அளப்பது? இன்டருக்குப் பதிவு செய்து எட்டு மாதப் படிப்புக் காலம் கட்டாயம். மே 1க்குள் பதிவானால் ஜனவரி தேர்வு, செப்டம்பர் 1க்குள் என்றால் மே, ஜனவரி 1க்குள் என்றால் செப்டம்பர். எட்டு மாதம் என்பது ஏறக்குறைய 240 நாள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் படிப்பவருக்கு 1,920 மணி. ஆறால் வகுத்தால் பேப்பருக்கு 320. கல்லூரிக்குப் போய் வந்து நான்கு மணி நேரம் படிப்பவருக்கு 160தான். வகுப்பு கேட்பது, சொந்தமாகக் கணக்குப் போடுவது, இரண்டு ரிவிஷன், மாதிரித் தேர்வு எல்லாம் அந்த 160க்குள் அடங்க வேண்டும். ஆடிட்டுக்கு ஒருவேளை அடங்கும். வரிக்கும் காஸ்டிங்குக்கும் அடங்காது. அவர் ஒரு குரூப் எழுதினால் அதே நான்கு மணி நேரத்தில் பேப்பருக்கு 320 கிடைத்துவிடும்.

டிகிரி முடித்து நேரடி நுழைவில் வருபவருக்கும் (காமர்ஸ் என்றால் 55 சதவீதம், மற்றவருக்கு 60) இதே எட்டு மாதம்தான். வேலைக்குப் போகாதவர் என்றால் இரண்டும். வேலையில் இருப்பவர் என்றால் தயங்காமல் பிரித்துக்கொள்ளலாம். பி.காம் படித்துக்கொண்டே எழுதுபவர் பருவத் தேர்வு அட்டவணையை முதலில் கையில் வைத்துக்கொள்ளட்டும்: ஏப்ரல், மே கல்லூரித் தேர்வோடு மே அட்டெம்ப்ட் மோதும். ஜனவரி அட்டெம்ப்டோ பொங்கலைச் சுற்றி வரும். 2025 ஜனவரி 14 அன்று இருந்த ஃபவுண்டேஷன் (சிஏவின் முதல் நிலை) பேப்பரைப் பண்டிகைக்காக 16ஆம் தேதிக்கு மாற்றினார்கள். ஆனாலும் அந்த வருடம் 15ஆம் தேதி, மாட்டுப் பொங்கலன்று, இன்டர் வரி பேப்பர் நடந்தது. வீட்டில் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

ஒன்றரை நாள் பரீட்சை

2025 ஜனவரி இன்டர் அட்டவணை 11, 13, 15, 17, 19, 21. ஒன்று விட்டு ஒரு நாள். மாலை 5 மணிக்கு ஒரு பேப்பர் முடிகிறது. வீட்டுக்கு வந்து சாப்பிட்டு உட்கார எட்டு மணி. மறுநாள் முழுவதும், அதற்கடுத்த நாள் நண்பகல் வரை. ஒரு பேப்பரை முழுதாகப் புரட்டக் கிடைப்பது ஒன்றரை நாள். குரூப் 1 மட்டும் எழுதுபவருக்கு இப்படி இரண்டு முறை. இரண்டும் எழுதுபவருக்கு ஐந்து முறை, அதில் பின் மூன்று ஏற்கெனவே களைத்த உடம்போடு.

படிவம் நிரப்பும் முன் வீட்டிலேயே இதைச் சோதித்துவிடலாம். காஸ்டிங்கை எடுங்கள். ஒரு நாள் இரவு எட்டு மணிக்குத் தொடங்கி, மறுநாளுக்கு மறுநாள் நண்பகலுக்குள் எல்லா அத்தியாயத்தின் சூத்திரங்களையும், அத்தியாயத்துக்கு இரண்டு மூன்று கடினமான கணக்குகளையும் முடித்துவிட்டு, பிற்பகல் 2 மணிக்கு ஒரு மாதிரித் தாளை மூன்று மணி நேரம் எழுதுங்கள். முடிந்தால் அந்தப் பேப்பர் தயார். மூன்று நாள் பிடிக்கிறது என்றால் குறிப்புகள் இன்னும் சுருங்கவில்லை என்று பொருள். ஆறில் குறைந்தது நான்கு பேப்பராவது இந்தச் சோதனையைத் தாண்டாமல் ‘இரண்டும்’ என்பதை டிக் செய்வது சூதாட்டம்தான். மாதிரித் தாள்களும், அந்தந்த அட்டெம்ப்டுக்கான ரிவிஷன் டெஸ்ட் பேப்பரும் தேர்வை நடத்தும் ஐசிஏஐயின் தளத்திலேயே இலவசமாக இருக்கின்றன.

தேர்ச்சி விகிதத்தை வைத்து முடிவெடுப்பவர்களும் உண்டு. 2024 மே தேர்வில் குரூப் 1 27.15 சதவீதம், குரூப் 2 18.28. 2025 ஜனவரியில் அப்படியே தலைகீழ்: குரூப் 1 14.17, குரூப் 2 22.16, இரண்டும் எழுதியவர்களில் 14.05. எட்டே மாதத்தில் எந்தக் குரூப் சுலபம் என்பது மாறிவிட்டது. இந்த எண்கள் தாளின் கடினத்தையும் எழுதியவர்களின் கலவையையும் காட்டும்; உங்கள் தயாரிப்பைக் காட்டாது.

பிரிப்பதென்றால் எது முதலில்

குரூப் 1தான் முதலில் என்று எந்த விதியும் இல்லை. குரூப் 2ஐ முதலில் எழுதலாம். இதில் பார்க்க வேண்டியது வரி பேப்பர். மே, செப்டம்பர், அடுத்த ஜனவரி மூன்றுக்கும் பொதுவாக ஒரே நிதிச் சட்டம் (வருடாந்திர வரித் திருத்தங்கள் கொண்டது) பொருந்தும்; அடுத்த மே மாதம் புதியது வரும். ஜனவரியில் குரூப் 1 எழுதித் தோற்றால் மே மாதத்துக்குள் வரியில் திருத்தங்களை மறுபடி படிக்க வேண்டும். மே மாதம் எழுதித் தோற்றால் செப்டம்பருக்கு அதே குறிப்பு உதவும். ஆகவே ஜனவரியில் தொடங்கிப் பிரிப்பவர் குரூப் 2ஐயும், மே மாதம் தொடங்குபவர் குரூப் 1ஐயும் முதலில் வைப்பது புத்திசாலித்தனம். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால், எந்த அட்டெம்ப்டுக்கு எந்தச் சட்டம் என்ற ஐசிஏஐ அறிவிப்பைப் பார்க்காமல் பழைய புத்தகம் வாங்கிவிட வேண்டாம்.

பிரித்து எழுதுபவர்கள் விழும் குழி ஒன்று உண்டு: முதல் குரூப் எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருப்பது. ஜனவரி மூன்றாம் வாரம் தேர்வு முடிகிறது. மார்ச் முதல் வாரம் ரிசல்ட். மே முதல் வாரம் அடுத்த தேர்வு. ரிசல்ட் பார்த்த பிறகு புத்தகத்தைத் திறந்தால் இரண்டே மாதம். தேர்வு முடிந்து நான்கு நாள் தூங்கிவிட்டு அடுத்த குரூப்பைத் தொடங்குபவருக்கு மூன்று மாதம். அந்த ஒரு மாதத்தைக் கோட்டை விடுபவர் பிரித்ததால் கிடைத்த அவகாசத்தில் மூன்றில் ஒரு பங்கை இழக்கிறார்.

பதிவும் படிவமும்

இன்டர் பதிவுக் கட்டணம் இரண்டு குரூப்புக்கும் ₹18,000, ஒன்றுக்கு மட்டும் ₹13,000. பதிவில் எடுக்கும் முடிவும் தேர்வுப் படிவத்தில் எடுக்கும் முடிவும் வெவ்வேறு. இரண்டுக்கும் பதிவு செய்துவிட்டு ஒன்றை மட்டும் எழுதலாம். ஒன்றுக்கு மட்டும் பதிவு செய்தவர் இரண்டையும் எழுத முடியாது. கையில் பணம் புரளுமானால் பதிவை இரண்டுக்கும் செய்துவிட்டு, எத்தனை குரூப் என்பதைப் படிவம் வரை தள்ளிப்போடுவதே மேல். பதிவு ஐந்து வருடம் செல்லும்.

தேர்வுப் படிவம் தேர்வுக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்னால் திறக்கும், இரண்டு வாரம் திறந்திருக்கும். 2025 மே தேர்வுக்கு மார்ச் 1 முதல் 14 வரை. அதன்பின் மூன்று நாள் ₹600 தாமதக் கட்டணத்தோடு. கடைசி நாள் மாலை தளம் ஆமை வேகத்தில் நகரும், கட்டணம் வங்கியில் போய் படிவத்தில் ஏறாமல் நிற்கும். முதல் வாரத்திலேயே முடித்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை. மூடிய பிறகு சில நாள் திருத்தச் சாளரம் ஒன்று வரும்; அதில் குரூப், தேர்வு நகரம், மொழி மூன்றையும் மாற்றலாம். சென்னை, கோவை, மதுரை, திருச்சி, சேலம், ஈரோடு, திருப்பூர், திருநெல்வேலி எல்லாம் தேர்வு நகரங்கள்தான். மொழி ஆங்கிலம் அல்லது இந்தி, தமிழ் கிடையாது.

இரண்டுக்கும் பணம் கட்டிவிட்டு, குரூப் 1 எழுதிய பிறகு குரூப் 2 பற்றி முடிவெடுக்கலாம் என்று சிலர் ₹1,200ஐக் காப்பீடுபோல நினைக்கிறார்கள். விதி தடுக்காது; போகாத குரூப்பை விட்டுவிட்டு எழுதியதைத் தனியாக மதிப்பிடுவார்கள். ஆனால் நடைமுறையில் இவர்கள் இரண்டுக்கும் அரைகுறையாகப் படித்துவிட்டு ஒன்றை மட்டும் எழுதுகிறார்கள். திருத்தச் சாளரம் மூடும் நாளுக்குள் முடிவெடுத்துவிட்டால் மிச்ச நாற்பத்தைந்து நாளும் முழுதாக ஒரே திசையில் போகும்.

தேர்வறையில் இரண்டு வழிக்கும் பொதுவான சில விஷயங்கள். கேள்வித்தாள் படிக்கும் நேரம் 1.45க்குத் தொடங்கும், எழுதுவது 2 முதல் 5 வரை, 2.30க்குப் பிறகு வந்தால் உள்ளே விடமாட்டார்கள். கால்குலேட்டரில் 12 இலக்கம், 6 செயல்பாடு, 2 மெமரிக்கு மேல் கூடாது; சயின்டிஃபிக் கால்குலேட்டரோடு போனால் வாங்கி வைத்துவிடுவார்கள், நிதி மேலாண்மை பேப்பரைக் கையால் பெருக்க வேண்டிவரும். ஒவ்வொரு பேப்பரிலும் 30 மதிப்பெண் கொள்குறி வினா, ஓஎம்ஆர் தாளில். இன்டரில் நெகட்டிவ் மார்க் இல்லை; ஒரு வட்டத்தையும் காலியாக விடக் கூடாது. விரிவான விடைகளில் மூழ்கி, கடைசிப் பத்து நிமிடத்தில் ஓஎம்ஆர் நிரப்பும்போதுதான் வரிசை தவறி ஒரு வட்டம் கீழே இறங்குகிறது. பிறகு அத்தனையும் தப்பு. முதல் முக்கால் மணி நேரத்தில் அதை முடித்துவிடுங்கள். 38க்கும் 40க்கும் நடுவே நிற்கும் பேப்பரைக் கரையேற்றுவது பெரும்பாலும் இந்த 30தான்.

அப்படியும் 38 வந்துவிட்டால், பேப்பருக்கு ₹500 கட்டி விடைத்தாளின் நகலை வாங்கலாம். ₹100 கட்டி மறுகூட்டலும் கேட்கலாம், ரிசல்ட் வந்த ஒரு மாதத்துக்குள். மறுகூட்டலில் பார்ப்பது கூட்டல் சரியா, திருத்தாமல் விட்ட விடை உண்டா என்பதை மட்டுமே. விடையை மறுபடி மதிப்பிட மாட்டார்கள். அந்தப் பதில் வரும் முன்பே அடுத்த தேர்வுப் படிவத்தின் கடைசித் தேதி போய்விடும். ஆகவே மறுகூட்டலுக்குப் பணம் கட்டிய கையோடு அதே குரூப்புக்கான படிவத்தையும் போட்டுவிடுங்கள்.